அப்பாவின் மூக்கு

"மூக்கை வெட்டிக்கணுமாம் உங்க பொண்ணுக்கு!"

ஆபீஸிலிருந்து அப்போதுதான் உள்ளே நுழைந்த பசுபதி, லேப்டாப் பையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார்.

"யாரு, ரக்ஷாவா?"

"நமக்கு வேற எத்தனை பொண்ணு இருக்கு? நாளன்னிக்கு சனிக்கிழமை ப்ளாஸ்டிக் சர்ஜன்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கா. பதினெட்டு வயசாயிடுச்சாம். நம்ம கையெழுத்தே வேண்டாமாம்."

சோபாவில் உட்கார்ந்திருந்த ரக்ஷா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையில் ஒரு டாக்டர், ஒரு பெண்ணின் முகத்தில் நீலப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"இதோ, இந்த ஷோதான்! ஆபரேஷனுக்கு முன்னாடி இப்படி, பின்னாடி இப்படின்னு காட்டிக் காட்டியே பிள்ளைங்க மனசைக் கெடுக்கறாங்க." காமாக்ஷி ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்தாள்.

"அம்மா! ஐ வாஸ் வாட்ச்சிங் தட்!"

"அதனாலதான் அணைச்சேன்."

பசுபதி தன் மூக்கைத் தடவிக்கொண்டார். அகலமான, நடுவில் மேடு தட்டிய மூக்கு. ரக்ஷாவுக்கும் அச்சு அசலாக அதேதான்.

"ஏம்மா, இந்த மூக்குக்கு என்ன குறைச்சல்? இதைப் பார்த்துட்டுத்தானே உங்கம்மா என்னைக் கட்டிக்கிட்டா!"

"அப்பா, இட்ஸ் நாட் அபௌட் யூ."

"என் மூக்கு வேண்டாங்கற. அப்புறம் நான் இல்லாம வேற யாராம்?"

ரக்ஷா எழுந்து மாடிப் பக்கம் திரும்பினாள்.

காமாக்ஷி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃப்ரிட்ஜ் முன்னால் நிறுத்தினாள். போன மாதம் நடந்த ரக்ஷாவின் பரதநாட்டிய அரங்கேற்ற இன்விடேஷன் அதில் ஒட்டியிருந்தது. நெற்றிச்சுட்டியும் பட்டுமாக அட்டை முழுக்க ரக்ஷா.

"நல்லாப் பாரு! இந்த அமெரிக்காவுல, ஃப்ரீமான்ட் ஊர் முழுக்க இந்தக் கார்டைக் கொடுத்தேன். வாங்கினவங்க எல்லாரும் கோயில் சிலை மாதிரி இருக்கான்னு சொன்னாங்க. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமா? இவ்வளவு லட்சணமான பொண்ணுக்கு எதுக்குடி சர்ஜரி?"

ரக்ஷா கார்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"எக்ஸாக்ட்லி," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பக்கத்து ஊரான லிவர்மோரின் கோயிலில், பிரசாத வரிசையில் நிற்கும்போது காமாக்ஷியின் தோழி புலம்பினாள்.

"எங்க பையன் க்ரிஷும் அந்த ஷோவைப் பார்த்துட்டு, என் தாடை சரியில்லை, மாத்தணும்ங்கறான் காமாக்ஷி."

"நீங்க கொடுக்கற இடம்தான்," என்றாள் காமாக்ஷி, நிமிர்ந்து நின்று. "கடவுள் கொடுத்த முகத்துல கை வைக்கற பழக்கமே எங்க வீட்டுல கிடையாது. நாளைக்கு நானும் கூடப் போறேன். அந்த டாக்டர் வாயாலயே வேண்டாம்னு சொல்ல வைக்கலேன்னா பாருங்க!"

சனிக்கிழமை மூவரும் காரில் கிளம்பினார்கள். பசுபதி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் விஷாகா சென்னைக்காரர். தமிழிலேயே பேசினார்.

"அந்த டிவி ஷோ பார்ப்பியாம்மா?"

ரக்ஷா தலையாட்டினாள்.

"நினைச்சேன். இப்பல்லாம் தினம் யாராவது ஒருத்தர் அதைப் பார்த்துட்டுத்தான் வர்றாங்க. எல்லாம் உன் வயசுப் பசங்க."

"கேட்டீங்களா? நான் சொன்னேன் இல்ல?" காமாக்ஷி பெருமையோடு கணவரை இடித்தாள்.

"சரி, யார் மூக்கு மாதிரி வேணும்? போட்டோ கொண்டு வந்திருப்பியே?"

"டிவியில வர்ற எவளாவது ஒருத்தியோடதா இருக்கும் டாக்டர். நீங்களே நல்லா புத்தி சொல்லுங்க."

ரக்ஷா பையைத் திறந்து, ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த அந்த இன்விடேஷனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் கார்டையும் ரக்ஷாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மெல்லிசா, எடுப்பா இருக்கே மூக்கு! யாரு இது, உன் அக்காவா?"

காமாக்ஷியின் கை, கார்டை எடுக்கப் போய்ப் பாதியில் நின்றது.

அன்றைக்கு முதல் தடவையாக ரக்ஷா தமிழில் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி, நிதானமாக.

"நான்தான் டாக்டர். எல்லாருக்கும் கார்டு கொடுக்கறதுக்கு முன்னாடி, அம்மா போட்டோகிராஃபர்கிட்ட சொல்லி மூக்கை மட்டும் மாத்தினாங்க."