மாப்பிள்ளைக்குப் பத்தியம்

மல்லசமுத்திரத்தில் மாமனார் வீட்டு விருந்து. இலைக்கு ஆட்டுக்கறி வந்ததும் மோகன்குமார் கையை நீட்டித் தடுத்தான்.

"வேண்டாமுங்க மாமா. யூரிக் ஆசிட் ஏறிக் கிடக்குதாம். டிரைகிளிசரைடுன்னு ரத்தக் கொழுப்பும் கூடவே ஏறியிருக்குதாம். ஒண்ணு ஏறுனா பெரும்பாலும் இன்னொண்ணும் ஏறுமுன்னு டாக்டர் சொன்னாருங்க. கறி, ஈரல், கலர் சோடா எதுவும் ஆகாதாம்."

மாமனார் சின்னண்ணன் பதறிப்போனார். "இந்த வயசுலயா மாப்பிள்ளை! கால் கட்டைவிரல் வலிக்குதுங்களா?"

"வலி வந்தா உயிரே போகுமாமுங்க."

சின்னண்ணன் தன் இலையில் இருந்த கறியையும் எடுக்கச் சொன்னார். "மாப்பிள்ளை ரசஞ்சோறு திங்கறப்ப நான் கறி தின்னா நல்லாவா இருக்கும்? எனக்கும் ரசமே ஊத்து சாமி."

மகள் கிருத்திகா ரசத்தை ஊற்றிவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். சாப்பிட்டுக் கை கழுவ வந்த கணவனிடம் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்.

"ஏனுங்க, போன வாரம் டாக்டர் இதையே அப்பாகிட்டச் சொன்னப்ப, மிஷின் பொய் சொல்லுதுன்னு நேரா கறிக்கடைக்குப் போனாரு. ரத்தத்துல ஒரு கோளாறும் இல்லாத நீங்க வேண்டாமுன்னதும் அவரும் உட்டுட்டாரு பாருங்க!"

"மாமாவுக்காக ஒரு வேளை வாயைக் கட்டுனா என்ன? போற வழியில பிரியாணி சாப்பிட்டுக்கலாம்."

அவர்கள் கிளம்பியபோது, காருக்குப் பக்கத்தில் சின்னண்ணன் துணிப்பையோடு நின்றிருந்தார்.

"உங்களைத் தனியா உட்டா பத்தியம் இருக்க மாட்டீங்க மாப்பிள்ளை. ஒரு மாசம் உங்க ஊட்டுல தங்கறதுக்கு நானும் வாரேன். ரெண்டு பேரும் சேர்ந்தே ரசம் குடிப்போமுங்க."

மோகன்குமார் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "வாங்க மாமா" என்றான்.