ஒரு ஓடு குறைகிறது

தியோடர் சாரின் மேஜைமேல் பானை முழுதாக நின்றது, தோளில் ஒரு பொத்தலைத் தவிர.

நாற்பது நாள் பசை தடவி ஒட்டியிருந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு வெள்ளைக்காரக் குடும்பங்களின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஆளுக்குப் பாதியாக வைத்திருந்த பானை ஓடுகளை சார்தான் வாங்கினார்.

ஹார்வி, லிண்டன். எண்பது வருஷத்துக்கு முன் ஊருக்கு வெளியே பழைய புதைகுழிகளைத் தோண்டிய சிநேகிதர்கள். ஒரே கூடாரம், ஒரே டீ கெட்டில்.

கடைசி நாள், பாயில் காயவைத்த ஓடுகளை எண்ணினால் ஒன்று குறைந்தது. நீதான் எடுத்தாய் என்றார் அவர். நீதான் என்றார் இவர். பானையைப் பங்கு பிரித்துக்கொண்டு போனவர்கள், சாகும்வரை பத்திரிகைகளில் ஒருவரையொருவர் ஏசி எழுதினார்கள்.

"நாளைக்கு என் புக் பிரஸ்ஸுக்குப் போகுது காந்தா. லிண்டன்தான் திருடன், எழுதியாச்சு" என்றார் சார், தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம்.

பொத்தலின் ஓரத்தில் மூன்று கீறல்கள் பாதியில் நின்றன. நேற்று தூசி தட்டும்போதுதான் பார்த்தேன். இன்று வீட்டிலிருந்து ஒன்றைக் கைக்குள் மூடிக்கொண்டு வந்தேன்.

"என்ன, உன் பொண்ணு வாய நீலசந்திரா வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டாளா?"

அம்மா என் மூடிய கையைப் பார்த்தாள். வெளியே போ என்று கண்ணைக் காட்டினாள். திருட்டுப் பட்டம் வந்தால் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டிலும் வேலை கிடைக்காது.

நான் போகவில்லை. மேஜையருகே வந்து கையை விரித்தேன்.

ஓடு பொத்தலில் உட்கார்ந்தது. மூன்று கீறல்களும் மூன்றோடு சேர்ந்தன. சுற்றிலும் மட்டும் நூலளவு இடைவெளி. ஓரங்கள் வழுவழுவென்று தேய்ந்திருந்தன.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு எடுத்தது? ஹார்வியா?"

"பாஞ்சாலி." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எங்கப்பாவோட பாட்டி. அங்க மண்ணு சுமந்தா. அப்ப ஒம்பது வயசு."

"எதுக்கும்மா?"

"பாண்டி ஆட. சில்லு நல்லா இருந்துச்சாம்."

அவர் கையெழுத்துப் பிரதியை இழுத்தார். பிறகு பேனாவைத் திறந்து லிண்டன் பெயரை அடித்தார்.

அந்த இடத்தில் பாஞ்சாலி என்று எழுதி முடிக்கும்வரை நான் நகரவில்லை.

அப்புறம் சில்லை எடுத்துக்கொண்டேன்.

"சாயங்காலம் தங்கச்சி கேப்பா, சார்."