நெப்ராஸ்கா வரைக்கும்

"எந்தப் புண்ணியவான் இதை எழுதினான்னு மட்டும் தெரியட்டும், அவனை..." லைல் பல்லைக் கடித்தான்.

கார்க் கண்ணாடியில் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர். கையில் நகராட்சிக் கடிதம். ஓக் மரத்தடியில் நிற்கும் 1967ஆம் வருஷத்து ஸ்டேஷன் வேகன் 'இருபத்திரண்டு வருடங்களாக ஓர் அங்குலமும் நகரவில்லை' என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். முப்பது நாளுக்குள் ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் தூக்கிக்கொண்டு போய் நசுக்கிவிடுவார்கள். புகார் கொடுத்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்களாம்.

"வேற யாரு? எதிர்வீட்டு வெர்ன்தான். புல்லைக்கூட ஸ்கேல் வச்சு வெட்டுறவன்."

"இருக்கும், இருக்கும்" என்றாள் அவன் மனைவி ரோண்டா. காபிக் கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். "அவனை அப்புறம் பார்ப்போம். இன்னிக்கு எது வரைக்கும் வந்திருக்கோம்?"

லைலின் முகம் இளகியது. அவனும் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தான். "நெப்ராஸ்கா. ஆத்தை ஒட்டியே போறோம். வலது பக்கம் பாரு, கொக்குங்க."

"அடேயப்பா, எவ்வளவு கொக்கு!"

எதிரே இருந்தது அவர்கள் மாநிலமான அயோவாவின் சோளக்கொல்லைதான். சாயங்கால வெயிலில் அது மெல்ல அசைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் கார்தான் நகர்கிறது என்று தோன்றும்.

பசிபிக் கடலைக் காட்டுகிறேன் என்று கல்யாணத்தன்று வாக்குக் கொடுத்தவன் லைல். கிளம்புவதற்கு முதல் நாள் காரின் தண்ணீர் பம்ப் போயிற்று. 'அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்' என்றான். அந்த அடுத்த வாரம் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. ஆனால் நின்ற இடத்திலேயே இந்தச் சாயங்காலப் பயணம் மட்டும் ஒருநாளும் நின்றதில்லை. பனி கொட்டினால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போவார்கள்.

"ரோண்டா, ஒண்ணு சொல்லட்டுமா? பானெட்டைத் திறக்கவே எனக்குப் பயமா இருக்கு. திறந்து பார்த்து, இது செத்துப் போச்சுன்னு தெரிஞ்சுட்டா? அப்புறம் சாயங்காலம் நாம எங்கே போறது?"

அவள் கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரைக் காட்டினாள். "தூக்கிட்டுப் போயிட்டா மட்டும் எங்கே போவோம்?" என்றாள்.

மறுநாள் திறந்தான். ஏர் ஃபில்டருக்குள் எலிக் கூடு. கூட்டுக்குள் ரோண்டாவின் ஊதாக் கையுறை, பாதி மட்டும்.

"பாவி எலி! இதுக்காக உன் தங்கச்சியை எட்டு வருஷமா சந்தேகப்பட்டேனே!" என்றாள் ரோண்டா.

"இப்பவாவது அவளுக்குப் போன் பண்ணு."

"பண்றேன், பண்றேன். நீ வேலையைப் பாரு."

பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. அதை வடித்துவிட்டு, சிலிண்டர்களுக்குள் எண்ணெய் விட்டு மூன்று நாள் ஊறப்போட்டான். பிறகு ஸ்பேனரைக் கொடுத்துத் திருப்பினான். எஞ்சின் முனகிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றியது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான். ரோண்டா ஷெட்டுக்குள் போய் நாலு புது டயரை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தாள். "தள்ளுபடில கிடைச்சுது" என்றாள். எப்போது வாங்கினாள் என்று அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவள் பிரேக்கை மிதிக்க, அவன் கீழே படுத்துப் பிரேக் குழாயில் இருந்த காற்றை எடுக்க, ஒரு ஞாயிறு முழுக்க அதிலேயே போயிற்று. அன்றைக்குக் கெட்டுப்போன தண்ணீர் பம்பையும் கடைசியில் மாற்றினான்.

இருபத்தெட்டாம் நாள் வண்டி இருமியது, குலுங்கியது, தெருவெல்லாம் நீலப் புகையைக் கக்கிவிட்டுச் சீராக ஓட ஆரம்பித்தது. எதிர்வீட்டு வாசலில் வெர்ன் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினான்.

"பார்த்தியா, வயித்தெரிச்சல்ல இருமுறான்!" லைலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நகராட்சி அதிகாரி வந்து ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தாள். "ஓடுற வண்டின்னா தினமும் ஓடணும் சார். மறுபடி நின்னா, மறுபடி ஒட்டுவேன்."

அன்றிலிருந்து தானியக் கிடங்கு வேலைக்கு அந்தக் காரில்தான் போனான். ஏழு மைல். விடிகாலை மூடுபனியில் சோளக்கொல்லைகளுக்கு நடுவே அது படகு மாதிரி மிதந்து போகும். தூங்கி எழுந்தாச்சா இல்லையா என்று அவனுக்கே சந்தேகமாக இருக்கும். ஒருநாள்கூட அது வழியில் நிற்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, காரைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "யோசிச்சுப் பார்த்தா, அந்தப் புகார் மட்டும் வரலைன்னா நான் சாகுற வரைக்கும் பானெட்டைத் திறந்திருக்க மாட்டேன். எழுதினவன் கையைப் பிடிச்சுக் குலுக்கணும் ரோண்டா. இப்பவே போறேன்."

"போயிட்டு வா" என்றாள் ரோண்டா.

வெர்ன் புல் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு விழித்தான். "புகாரா? நானா? நான் இந்தத் தெருவுக்கு வந்தே ஒன்பது வருஷம்தானேப்பா ஆச்சு! உன் வண்டி இருபத்திரண்டு வருஷமா நிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

லைல் நடுத்தெருவில் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு மெதுவாகத் திரும்பி வந்தான்.

ரோண்டா காருக்குள் உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் இரண்டு பெட்டிகள், பிளாஸ்க். மடியில் மேப்.

"வெர்ன் இல்லையாம்" என்றான்.

"தெரியும்." ரோண்டா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக அவனிடம் நீட்டினாள். "ம், குலுக்கு. குலுக்கிட்டு வண்டியை எடு."