அகல்யாவுக்கு ஒரு சுவர்

கடைசிப் பிடியின் போல்ட்டையும் முறுக்கிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினாள்.

எல்லாம் பச்சைப் பிடிகள். மற்ற நிறங்களைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டாள். இன்று இந்தச் சுவரில் வேறு யாரும் ஏறப்போவதில்லை.

வேளச்சேரியில், சுவர் ஏறப் பழகும் கூடம் அது. பிளாஸ்டிக் பிடிகளைப் பொருத்தி வழி அமைப்பது அவள் வேலை. ஏறுகிறவர் உயரம் பார்த்துத்தான் இடைவெளி விடுவாள். ஒரு நாளும் தப்பியதில்லை.

இன்று ஆளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஏறப்போவது பெற்ற மகள் அகல்யா.

தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். போகும்போது இவ்வளவு இருந்தாள். சரி, வளர்ந்திருப்பாள். கையைத் தோள்வரை உயர்த்தினாள்.

அகல்யா அப்பாவோடு துபாய் போய் நாலு வருடம் ஆகிறது. வீடியோ காலில் தினமும் பேசுகிறாள்தான். அதில் முகம் தெரியும். கை நீளம் எங்கே தெரிகிறது?

சாயங்காலம் அவர் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதுவரை மகள் பயந்து, சிரித்து, விழுந்து, மறுபடி ஏற வேண்டும். அந்த ஒரு மதியத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்து நின்றவளின் கண்கள் அவள் கண்களுக்கு நேராக இருந்தன.

அய்யோ.

கட்டிக்கொண்டாள். மகளின் தோளுக்கு மேலே சுவர் தெரிந்தது. பிடிகள் படிக்கட்டு மாதிரி நெருக்க நெருக்கமாக இருந்தன.

"எனக்காகவா ம்மா?"

தலையாட்டினாள்.

அகல்யா ஏறினாள். ஒன்று விட்டு ஒன்றைப் பிடித்தாள். சிலவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உச்சியைத் தட்டிவிட்டு மெத்தையில் குதித்தாள். மூச்சு வாங்கவில்லை.

"அவ்ளோதானா?"

அவ்வளவுதான். மதியம் முடிந்துவிட்டது.

"அளவு தப்பாயிடுச்சுடி. இரு, கழட்டித் தள்ளி வச்சுடறேன்."

போல்ட் கழற்றும் ஆலன் கீயைத் தேடினாள். கண் மறைத்தது. சனியன் பிடித்தது, கையிலேயேதான் இருந்தது.

அகல்யா சுவரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"வேணாம் ம்மா. இருக்கட்டும்."

மறுபடி ஏறினாள். இந்த முறை ஒன்றைக்கூட விடவில்லை. பாதியில் நின்றாள். அடுத்த பிடி அவள் நெற்றிக்கு நேரே இருந்தது. முழங்கையை மடக்கி, விரல்களைக் காதோரம் நிறுத்திக்கொண்டாள்.

"எட்டல ம்மா. கொஞ்சம் தூக்கி விடேன்."

அவள் ஓடிப்போய்த் தலைக்கு மேலே கைகளை உயர்த்தி, மகளின் பாதத்துக்கடியில் உள்ளங்கைகளைக் கொடுத்தாள். கனம் இறங்கியது.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளையாகத்தான் அனுப்பி வைத்திருந்தாள்.

"இப்ப எட்டுதா?"

"இன்னும் இல்ல ம்மா."