ஏழாவது இடத்தின் நிறம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கடலைக் குறுக்கே அறுத்துப் பார்த்த ஒருத்தியின் கதை சொல்கிறேன். ஆய்வுக் கப்பல் பத்து இடங்களில் நின்று, கருவியை அடிவரை இறக்கி, தண்ணீரின் சூட்டை அளந்து வந்திருந்தது. ஏழாவது இடத்தில் மட்டும் அளவு இல்லை. அங்கே கருவியை இறக்கப் போனபோதுதான் ஜெசிந்தாவின் புருஷன் இக்னேஷியஸ் கால் தவறிக் கடலில் விழுந்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த எண்களை, கடலை மேலிருந்து அடிவரை வெட்டிக் காட்டுவதுபோல் வண்ணப் படமாக்கும் வேலை, அதே அலுவலகத்தில் இருந்த அவள் மேசைக்குத்தான் வந்தது. பொத்தானை அழுத்தினாள். மென்பொருள் ஆறையும் எட்டையும் பார்த்துத் தானாகவே ஏழுக்கும் வண்ணம் பூசிவிட்டது. சூடான மேல்தண்ணீருக்குச் சிவப்பு, குளிர்ந்த அடிக்குக் கருநீலம், நடுவில் ஒரு தழும்புகூட இல்லை. திரையில் அம்புக்குறியை ஏழில் வைத்து மெல்ல அடிவரை இறக்கினாள்; அது நின்ற இடத்தின் சூடு பக்கத்தில் எண்ணாகத் தெரிந்தது.

“ரெண்டு டிகிரி சார். குளிருமே,” என்றாள்.

பின்னால் நின்ற மேலதிகாரி சதாசிவம் சார் பதறிப்போனார். “அது நெசமில்லம்மா. பக்கத்து நம்பரை வச்சு மிஷின் போட்ட கணக்கு. அங்க யாரும் எறங்கிப் பாக்கலையே.”

“அவரு எறங்கினாரே சார்.”

உங்கள் வீட்டிலிருந்து தண்ணீருக்குப் போகிறவர்கள் எல்லாரும் சோறு ஆறும் முன்னே திரும்பி வரட்டும், என் தங்கங்களே.