பதினேழாம் பக்கத்துச் சமையலறை

சமையலறைச் சாப்பாட்டு மேசையில் சாய்வெயில் விழுகிறது. மனைவி வரைந்த புதிய துப்பறியும் காமிக்ஸைக் கணவர் படித்துக்கொண்டிருக்கிறார். நேரில் பார்க்காத எதையும் அவள் வரையமாட்டாள். கொலைகாரன்கூட இவருடைய கட்டம்போட்ட சட்டையில்தான் திரிகிறான். பதினேழாம் பக்கத்தில் இதே சமையலறை, ஒழுகும் குழாயோடு. ஆனால் கதவுக் கொக்கியில் அவளுடைய பை இல்லை. அலமாரியில் அவளுடைய கோப்பையும் இல்லை. நிமிர்ந்து பார்க்கிறார். இரண்டும் இருக்கின்றன. அப்படியென்றால் இவர் வீட்டில் இல்லாத ஏதோ ஒரு பகலில், அவற்றை எடுத்துவிட்டு அந்த வெற்றிடத்தைப் பார்த்திருக்கிறாள். குழாய் சொட்டுகிறது. “உன் பையை வரைய மறந்துட்டியாம்மா?” என்கிறார், சிரிக்க முயன்றபடி. உள்ளறையில் பென்சில் உரசும் சத்தம் நின்றுபோகிறது. “மறக்கலங்க. அடுத்த பக்கம் பாத்தீங்களா?” “பாத்துக்கிட்டுதான் இருக்கேன்” என்கிறார். இவருடைய கட்டைவிரல் பதினேழாம் பக்கத்தைப் புரளவிடாமல் அழுத்திப் பிடித்திருக்கிறது.