கட்டைவிரல் பூட்டு

ஏலக்காய் எடுத்து எடுத்து ரோஜாவின் விரல்களெல்லாம் விண்விண்ணென்று வலித்தன. ரேகையும் தேய்ந்துபோனதால், அவள் போன் புருஷன் ஒச்சப்பனின் கட்டைவிரலுக்குத்தான் திறக்கும்.

"கையக் குடுய்யா. போன் லாக் நம்பரச் சொல்லியிருந்தா ஒன்னய ஏன் தொந்தரவு பண்றேன்? பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு எந்த பேங்க்காரன்யா சொன்னான்?"

அவன் வாயே திறக்கவில்லை. அவன் விரலை முந்தானையில் துடைத்து அழுத்தினாள். போன் திறக்கவில்லை. வாயால் ஊதிச் சூடேற்றி மறுபடி அழுத்தினாள்.

வாசலில் நின்ற ஜீப் டிரைவர் சின்ராசு உள்ளே வந்தார்.

"விட்ரு ஆத்தா. உசுரில்லாத வெரலுக்கு அது தெறக்காது."

"எங்க ரெண்டு பேரு சம்பளமும் இதுக்குள்ளதாண்ணே கெடக்கு!"

போடிமெட்டிலிருந்து ஒச்சப்பனின் உடலை இறக்கிவந்த ஜீப்புக்கு வாடகை மூவாயிரம் ரூபாய் பாக்கி.